எண்டர் முதலிலா, பீன் முதலிலா?

அறிவியல் புனைகதைப் பக்கம் எட்டிப்பார்க்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' நாவலைக் கொடுப்பது நீண்ட காலப் பழக்கம். 1985இல் வந்த நாவல் அது. அதே பள்ளியை, அதே போரை, இன்னொரு சிறுவனின் பக்கமிருந்து சொல்லும் துணை நாவல் 'எண்டர்ஸ் ஷேடோ' 1999இல் வந்தது. இரண்டும் மேசையில் இருக்கும்போது எதை முதலில் கொடுப்பது? ஒன்றுதான் படிக்கப்போகிறான் என்றால் எதை? வேலூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இந்தக் கோடை விடுமுறைக்கு இதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள், கூடவே படிக்க விரும்பும் சில பெற்றோர்கள். அவர்களுக்காக யோசித்ததை இங்கே எழுதுகிறேன். 'கேம்' நாவலின் கடைசியில் வெளிவரும் உண்மை என்ன என்பதை எங்கேயும் சொல்லப்போவதில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

இரண்டுக்கும் களம் ஒன்றுதான். பூச்சி போன்ற ஒரு வேற்றுக்கிரக இனம் இரண்டு முறை மனிதர்களோடு மோதிவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த போருக்கு ஒரு தளபதி வேண்டும். அதற்காக உலகம் முழுவதும் தேடி, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, விண்வெளியில் இருக்கும் பேட்டில் ஸ்கூலில் சேர்க்கிறார்கள். 'கேம்' நாவலின் எண்டர் அமெரிக்கப் பையன். இரண்டு பிள்ளைக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கும் காலத்தில், அரசே அனுமதி கொடுத்துப் பிறந்த மூன்றாவது பிள்ளை. அண்ணன் அளவுக்கு மீறிய கொடூரம், அக்கா அளவுக்கு மீறிய இரக்கம். நடுவில் ஒருவன் கிடைப்பானா என்று பார்த்துத்தான் அவனுக்கு அனுமதி தந்தார்கள். 'ஷேடோ' நாவலின் பீன் நெதர்லாந்தின் ராட்டர்டாம் தெருக்களில் பசியோடு அலையும் நாலு வயதுக் குழந்தை. பார்த்தால் இரண்டு வயது என்றுதான் தோன்றும். 'கேம்' நாவலில் எண்டரின் படையிலேயே குள்ளமான பையனாகச் சில இடங்களில் வந்துபோவானே, அதே பீன்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்தக் கதை வெறும் விண்வெளிக் கதையாக நிற்காது. கம்மவான்பேட்டையை இங்கே ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் அப்பா, சித்தப்பா, மாமா என்று யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருந்த வீடுகள் ஏராளம். ஆறாம் வகுப்பில் சேரவே அமராவதி நகர் சைனிக் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதும் பையன்கள் இருக்கிறார்கள். டேராடூன் ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர வயது பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், எம் பையன் சைனிக் ஸ்கூல் பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கான். மிலிட்டரி கதைன்னா அவனுக்கு உசுரு. இதுல எதை மொதல்ல குடுக்கலாம்?" அவருக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால் இரண்டு நாவல்களும் ஒரு பிள்ளையிடம் என்ன செய்யும் என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் 'கேம்'. இதன் பலம், எண்டருக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது என்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் யார் என்று பெயர் சொல்லாத பெரியவர்களின் பேச்சோடு தொடங்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று புரியும். எதை என்று புரியாது. எண்டரைத் தனிமைப்படுத்துகிறார்கள், தூக்கத்தைக் கெடுக்கிறார்கள், விதிகளை நடுவில் மாற்றுகிறார்கள். அவன் ஒவ்வொன்றையும் ஜெயிக்கிறான். நாமும் கூடவே நின்று கைதட்டுகிறோம். கடைசியில் உண்மை வெளியே வரும்போது அவன் மேல் விழும் அடி நம் மேலும் விழுகிறது. அத்தனை நேரம் எதற்குக் கைதட்டினோம் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்படி யோசிக்க வைக்கும் நாவல்கள் பதின்வயதினருக்கு அதிகம் கிடைப்பதில்லை.

'ஷேடோ' இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. பீன் எதையும் நம்பமாட்டான். தெருவில் வளர்ந்தவனுக்கு நம்பிக்கை கட்டுப்படியாகாது. பள்ளிக்கு வந்த உடனே காற்றுக் குழாய்களுக்குள் ஊர்ந்து கட்டடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்கிறான். மற்ற பிள்ளைகள் ஆசையாக விளையாடும் கணினி விளையாட்டை, அது தன் மனசை வேவு பார்க்கும் கருவி என்று தொடவே மறுக்கிறான். ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கணக்குப் போடுகிறான். எண்டருக்குத் தெரியாத பலதை இவன் முன்கூட்டியே யூகித்துவிடுகிறான். ஆகவே இந்த நாவலை முதலில் படிக்கும் பிள்ளைக்கு 'கேம்' நாவலின் கடைசி அடி விழாது. வாசகரை நம்பவைத்து ஏமாற்றும் வித்தை ஒரு தடவைதான் பலிக்கும். யூகித்து அறியும் சுகத்தை எப்போது வேண்டுமானாலும் அடையலாம். வரிசையைத் தீர்மானிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் நாவலாசிரியர் கார்டே வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். எதை முதலில் படித்தாலும் மற்றது தன் சொந்த பலத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் 'ஷேடோ' முன்னுரையில் அவர் தெரிவிக்கும் விருப்பம். நிற்கத்தான் செய்கிறது. பீனின் கதைக்குத் தனியாக ஒரு தொடக்கம், தனியாக ஒரு மர்மம், தனியாக ஒரு முடிவு எல்லாம் உண்டு. 'கேம்' படிக்காதவருக்கும் புரியும். நான் சொல்வது புரிவதைப் பற்றி அல்ல, இழப்பதைப் பற்றி.

பீன் யூகிக்கும் முறையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். வேலூர்க்காரர்களுக்கு அது தனியாகப் பிடிக்கும். பள்ளி நூலகத்தில் அவன் வோபான் எழுதியதை எடுத்துப் படிக்கிறான். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குக் கோட்டைகள் கட்டிக் கொடுத்த பொறியாளர் அவர். விண்வெளிப் போருக்குப் பயிற்சி எடுக்கும் பொடியன் கல்கோட்டையைப் பற்றி ஏன் படிக்கிறான் என்று ஆசிரியர்களுக்கு மண்டை குழம்புகிறது. அவன் யோசனை இது: கோட்டை ஏன் வேலை செய்தது? எதிரி குறிப்பிட்ட வழியாகத்தான் வர முடியும் என்பதால். விண்வெளியில் எந்தத் திசையிலிருந்தும் வரலாமே, அங்கே கோட்டை எங்கே கட்டுவது? ஒரு முழுக் கிரகத்தை மதில் கட்டிக் காப்பாற்ற முடியுமா? அங்கிருந்து அவன் படிப்படியாக ஒரு முடிவுக்கு வருகிறான். அதை நாவலில் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கங்களைப் பிள்ளைகளோடு வேலூர்க் கோட்டையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். விஜயநகரக் காலத்துக் கருங்கல் மதில், அதைச் சுற்றி அகழி. வெளியிலிருந்து வரும் எதிரிக்காக எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! 1806 ஜூலை 10 விடியலுக்கு முன்பு அங்கே வெடித்தது உள்ளேயிருந்து. புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்திருந்தன. கோட்டை அவர்கள் கைக்குப் போனது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அன்று பகலுக்குள்ளேயே மறுபடி ஆங்கிலேயர் வசமானது. ஒரே நாளில் அந்த மதில் இரண்டு தரப்பையும் காப்பாற்றவில்லை. இதை நேரில் பார்த்த பிள்ளைக்கு பீனின் கேள்வியை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் அதே கோட்டையில் இருக்கிறது. 1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது, உடன்படிக்கைக்கு ஈடாகத் திப்பு சுல்தான் தன் மகன்கள் இருவரைக் கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்தார். ஒருவனுக்கு ஏறக்குறைய பத்து வயது, இன்னொருவனுக்கு எட்டு. 1799இல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பம் வைக்கப்பட்ட இடம் வேலூர்க் கோட்டை. பெரியவர்களின் போருக்குப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துவது விண்வெளி யுகத்தின் கற்பனை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, நாவல்களுக்கு வருவோம். இரண்டிலும் வரும் ஒரே காட்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எண்டருக்கு டிராகன் ஆர்மி என்ற புதுப் படை கொடுக்கப்படுகிறது. நாற்பது பிள்ளைகள், பாதிக்கு மேல் அனுபவம் இல்லாதவர்கள். முதல் நாள் பயிற்சியிலேயே எண்டர் பீனைத் தனியாகப் பிடித்து நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டு, மட்டம் தட்டி, அப்புறம் புத்திசாலி என்று சுட்டிக்காட்டி, மற்ற பையன்கள் அவனை வெறுக்கும்படி செய்துவிடுகிறான். 'கேம்' நாவலில் இது எண்டரின் பக்கமிருந்து வருகிறது. விண்கலத்தில் வரும்போது பள்ளியை நடத்தும் கர்னல் கிராஃப் தன்னை எல்லார் முன்னாலும் புகழ்ந்து தனிமைப்படுத்தினாரே, அதையே நான் இந்தக் குழந்தைக்குச் செய்கிறேனே என்று அவன் உள்ளுக்குள் குமைகிறான். ஆனாலும் நிறுத்தவில்லை. 'ஷேடோ' நாவலில் இதே காட்சி நிற்கவைக்கப்பட்டவனின் பக்கமிருந்து வருகிறது. அங்கே கோபம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, 'இவனா அந்தப் பெரிய எண்டர்?' என்ற ஏமாற்றமும் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இது அன்றாடம். நீட், ஜேஇஇ என்று மதிப்பெண் வரிசைப்படி வகுப்பு பிரித்து உட்காரவைக்கும் இடங்களில், ஒரு பையனை எழுப்பி நிற்கவைத்து "இவனைப் பாருங்க" என்று சொல்வது சர்வசாதாரணம். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு நண்பர்கள் குறைய ஆரம்பிக்கிறார்கள். இதைச் செய்யும் ஆசிரியருக்கும் தான் பையனாக இருந்தபோது யாரோ இதைச் செய்திருப்பார்கள். 'கேம்' நாவலை முதலில் படித்தால் செய்பவனின் மனசு முதலில் தெரியும், பிறகு பட்டவனின் மனசு. தலைகீழாகப் படித்தால் எண்டர் வெறும் முரட்டுத் தளபதியாக மனதில் பதிந்துவிடுவான். பிறகு 'கேம்' படிக்கும்போது அந்த எண்ணத்தை அழிப்பது கஷ்டம். இந்த ஒரு காட்சிக்காகவே இரண்டு நாவல்களையும் படிக்க வைக்க வேண்டும் என்பேன். அதுவும் 'கேம்' முதலில், 'ஷேடோ' பிறகு என்ற வரிசையில்.

எண்டரைப் பற்றிப் பேசும்போது ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 'ஷேடோ' நாவல் எண்டரைக் கொஞ்சம் சின்னவனாக்கிவிடுகிறது. டிராகன் ஆர்மியில் யார் யார் இருக்க வேண்டும் என்ற பட்டியலைப் போட்டதே பீன்தான் என்கிறது. எண்டர் திணறும் இடங்களில் பீன் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறான். இதைச் சிலர் நயவஞ்சகமான திருத்தம் என்கிறார்கள். எழுதி முடித்த நாவலைப் பதினாலு வருஷம் கழித்து எழுதியவரே உள்ளே புகுந்து மாற்றுவது சரியா என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. 'கேம்' முதலில் படித்தவருக்கு எண்டர் மேல் பாசம் ஏற்கெனவே ஊறியிருக்கும். பிறகு பீன் பின்னாலிருந்து தாங்கியது தெரியவரும்போது, எண்டரின் மதிப்பு குறைவதில்லை. பீனின் மேல் மரியாதை கூடுகிறது. தன்னைவிட அறிவு குறைந்தவன் என்று தெரிந்தும், பிள்ளைகள் எண்டரின் பின்னால்தான் போவார்கள், தன் பின்னால் வரமாட்டார்கள் என்று பீன் புரிந்துகொள்கிறான். எண்டருக்கு மற்றவர்களை நேசிக்கத் தெரியும். தனக்கு அது தெரியாது என்பதும் பீனுக்குத் தெரியும். வகுப்பில் முதல் இடம் பிடிக்கும் பிள்ளைகள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 'ஷேடோ' முதலில் படித்தவருக்கு இது கிடைக்காது. அவருக்கு எண்டர் அதிர்ஷ்டக்காரனாகத்தான் தெரிவான்.

இப்போது 'ஷேடோ' பக்கம் நின்று பேசுகிறேன். ஏனென்றால் அதை முதலில் கொடுக்கலாம் என்பதற்கும் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. ராட்டர்டாம் தெருவில் நடக்கும் அந்த முதல் பகுதி. எனக்குத் தெரிந்து இரண்டு நாவல்களிலும் சேர்த்துச் சிறந்த எழுத்து அதுதான். தெருப்பிள்ளைகள் சின்னச் சின்னக் கூட்டமாக வாழ்கிறார்கள். தருமச் சாப்பாடு போடும் இடத்தில் பெரிய பையன்கள் வரிசையில் விடமாட்டார்கள். பசியில் சாகக் கிடக்கும் பீன், போக் என்ற சிறுமியின் கூட்டத்துக்குள் நுழைய ஒரு யோசனை சொல்கிறான்: நீங்களே ஒரு முரடனைப் பிடித்து உங்களுக்குக் காவலாக வைத்துக்கொள்ளுங்கள், அவன் உங்களைச் சாப்பாட்டு வரிசைக்குள் கூட்டிப்போவான். யோசனை பலிக்கிறது. ஆனால் அவர்கள் பிடிக்கும் முரடன் அஷீல். கால் ஊனமான அந்தப் பையனைப் பிள்ளைகள் அப்பா என்று கூப்பிடும் அளவுக்கு அவன் நல்லவனாகிவிடுகிறான். அவனைப் பற்றி பீனுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே பயம். அந்த பயம் எப்படி நிஜமாகிறது என்பதும், பீனுக்கு இடம் கொடுத்த போக் என்ன ஆகிறாள் என்பதும் படித்த பிறகு பல நாள் மனசை விட்டுப் போகாது.

எண்டரின் கஷ்டங்கள் வசதியான வீட்டிலிருந்து வந்த பிள்ளையின் கஷ்டங்கள். அம்மா, அப்பா, அக்கா இருக்கிறார்கள். வீட்டை நினைத்து ஏங்க ஒரு வீடாவது இருக்கிறது. பீனுக்கு அதுகூட இல்லை. எங்கள் வட்டத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் போகும் அப்பாக்களின் பிள்ளைகள். அவர்களுக்கு பீன்தான் நெருக்கமானவன், அவன் கதையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அதை லேசாகத் தள்ள முடியாது.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பீன் பிழைத்தது அவன் உழைப்பால் அல்ல. அவன் அறிவுக்கு நாவல் ஒரு காரணம் சொல்கிறது. அது அவன் பிறப்பிலேயே வைக்கப்பட்ட காரணம். அதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலையும் ஒன்று உண்டு. ஆக, பசியிலிருந்து எழுந்து வந்த பிள்ளையின் கதை என்று நம்பிக் கொடுத்தால், நாவல் சொல்வது வேறாக இருக்கும். அந்தத் தெருவில் அறிவைவிடப் பெரியது ஒன்றைச் செய்தது போக். தன் கூட்டத்துக்கே சாப்பாடு போதாத நிலையில் இன்னொரு வாயைச் சேர்த்துக்கொண்டவள் அவள். இதைப் பிள்ளைகள் தாங்களாகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பழகிய வாசகராக ஆன பிறகு படித்தால் பார்ப்பார்கள். முதல் நாவலாகப் படித்தால் பீனின் அதிசய மூளையிலேயே மயங்கிவிடுவார்கள்.

'கேம்' நாவலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலில் இடம்பெற்ற நாவல் அது. தலைமை, தந்திரம் பற்றிய பாடநூல் போலவே அதைப் படிப்பவர்கள் உண்டு. போர் அறைக் காட்சிகள் அந்த அளவுக்குச் சுவை. எடையில்லாத ஒரு பெரிய அறை, ஒளி பட்டால் உறைந்துபோகும் உடை. நுழைந்த உடனே எண்டர் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான்: புவியீர்ப்பு இல்லாத இடத்தில் மேலும் கீழும் நாம் வைத்துக்கொள்வதுதான், எதிரியின் வாசல்தான் கீழே என்று வைத்துக்கொண்டால் உடம்பும் புத்தியும் வேறு மாதிரி வேலை செய்யும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். மற்ற படைகள் பத்துப் பேர் கொண்ட நாலு பிரிவாக இருக்கும்போது எண்டர் எட்டுப் பேர் கொண்ட ஐந்து பிரிவாகப் பிரிப்பதும் அப்படித்தான். இந்தச் சுவையில் மயங்கி, எண்டர் இரண்டு சண்டைகளில் என்ன செய்துவிடுகிறான் என்பதைக் கவனிக்காமல் தாண்டிப்போகும் பையன்கள் இருக்கிறார்கள். ஹவில்தார் வீட்டுப் பையனைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே கவலை அதுதான். அதற்கு மருந்து 'ஷேடோ'. அதன் கடைசிப் போரில் பீன் வேத வசனம் ஒன்றைச் சொல்கிறான். தாவீது தன் மகன் அப்சலோமுக்காக அழுத அழுகை அது. எங்கள் ஊரில் ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம்தான். யாருக்காக அந்தச் சொற்களை அவன் சொல்கிறான் என்று புரியும்போது, 'கேம்' நாவலில் விளையாட்டாகப் படித்த பக்கங்கள் எல்லாம் வேறு கனத்தோடு திரும்பி வரும். 'கேம்' படிக்காதவருக்கு அது ஒரு சோகமான காட்சி. படித்தவருக்கு அதைவிட மிகப் பெரியது.

மொழியைப் பொறுத்தவரை பெரிய விவாதம் தேவையில்லை. 'கேம்' வாக்கியங்கள் சின்னவை, பேச்சு அதிகம், கதை நிற்காது. தமிழ்வழியில் படித்துவிட்டு முதன்முதலாக ஆங்கில நாவலைக் கையில் எடுக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை அகராதி இல்லாமலே முக்கால்வாசியைப் பிடித்துவிடும். 'ஷேடோ' அதைவிடத் தடிமன். பீனின் நீண்ட நீண்ட யோசனைகள் நடுவில் வரும். சிஸ்டர் கார்லோட்டா என்ற கன்னியாஸ்திரி பீனின் பிறப்பைத் தேடிப்போகும் கிளைக்கதையும் உண்டு. அதில் பிஞ்சுக் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை ஒன்று வருகிறது, தொடர் கொலைகாரப் பையன் ஒருவன் வருகிறான். 'கேம்' பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கொடுக்கலாம். சண்டையும் வசவும் இருக்கிறது, பெரியவர் யாராவது கூடவே படித்தால் போதும். 'ஷேடோ' பதினைந்துக்கு முன்பு வேண்டாம்.

பெற்றோர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அவர்களில் ஒன்றுதான் படிக்க நேரம் இருப்பவர்கள் 'ஷேடோ' படிக்கட்டும். சிஸ்டர் கார்லோட்டாவும் கர்னல் கிராஃபும் நடத்தும் வாக்குவாதங்கள் நமக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். ஒரு பிள்ளையின் திறமையைக் கண்டுபிடித்து மேலே ஏற்றிவிடுவதும், அந்தப் பிள்ளையைப் பயன்படுத்திக்கொள்வதும் எந்த இடத்தில் பிரிகின்றன? கார்லோட்டா பீனை உண்மையாகவே நேசிக்கிறாள். ஆனாலும் போருக்குப் பிள்ளை பிடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. விடுதியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரும் அம்மா அப்பாக்கள் இவளைப் படிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். கடைசி மர்மம் முன்பே தெரிந்துபோவது அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வளர்ந்தவர்களுக்கு அந்த உண்மையைவிட அதை மறைத்தவர்களின் மனசுதான் முக்கியம்.

2013இல் வந்த திரைப்படத்தைக் காட்டிவிட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். கேவின் ஹூட் இயக்கிய படம். ஹாரிசன் ஃபோர்ட் கர்னல் கிராஃபாக நன்றாகவே நடித்திருக்கிறார். போர் அறை கண்ணுக்கு விருந்து. ஆனால் பல வருஷக் கதை சில மாதக் கதையாகச் சுருங்கிவிட்டது, ஆறு வயது எண்டர் வளர்ந்த பையனாகிவிட்டான், பீனும் அவனோடு ஒரே வயதுத் தோழனாக முதலிலிருந்தே வந்துவிடுகிறான். அதற்கு மேல், கடைசி உண்மையையும் சொல்லிவிடுகிறது. புத்தகம் படித்த பிறகு ஒரு மாலையில் பார்க்கலாம். முன்பு வேண்டாம்.

இரண்டு நாவல்களையும் அத்தியாயம் மாற்றி மாற்றி ஒரே நேரத்தில் படிக்கும் யோசனையும் வந்தது. இரண்டாவது முறை படிப்பவர்களுக்கு அது அருமையான வழி. முதல் முறைக்கு உதவாது. 'ஷேடோ' நாவலின் ராட்டர்டாம் பகுதிக்கு ஈடான எதுவும் 'கேம்' பக்கத்தில் இல்லாததால் ஆரம்பத்திலேயே தாளம் தப்பிவிடும்.

ஆகவே எங்கள் முடிவு இது. மே மாதம் முழுக்க 'கேம்'. முடித்தவர்கள் முடிக்காதவர்களிடம் கடைசி அத்தியாயங்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பள்ளி திறந்த பிறகு, காலாண்டு விடுமுறையில் 'ஷேடோ', பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கு மட்டும். நடுவில் சில மாத இடைவெளி வேண்டும் என்றுதான் இப்படி வைத்தோம். எண்டரின் கதை கொஞ்சம் மங்கிய பிறகு பீனின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது புதிதாகத் தெரியும். டிராகன் ஆர்மியின் முதல் நாள் காட்சியை மட்டும் இரண்டு நாவல்களிலிருந்தும் எடுத்து ஒரே நாளில் சத்தமாகப் படிப்போம். வோபான் பகுதியைக் கோட்டைப் புல்வெளிக்கு வைத்திருக்கிறோம். படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. மர்மம் அவர்களுக்கு உடைந்துவிட்டது. பதினைந்து தாண்டியிருந்தால் அவர்கள் நேராக 'ஷேடோ' எடுக்கலாம், அதிலிருந்து 'கேம்' பக்கம் திரும்பலாம்.

ஹவில்தாரிடம் 'கேம்' கொடுங்கள் என்றேன். பையனோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள், தன்னை வெறுக்கும் போன்ஸோ என்ற பெரிய பையனோடு எண்டர் போடும் சண்டை வரும் இடத்தில் நிறுத்தி அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள் என்றும் சொன்னேன். பட்டாளத்தில் இருந்தவர் கேட்டால் அவன் யோசித்துப் பதில் சொல்வான். பையன் பத்தாவது வரும்போது 'ஷேடோ' வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு மேலும் ஆசை இருந்தால் இரண்டு பாதை உண்டு. எண்டரைத் தொடர்ந்து போனால் 1986இல் வந்த 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்'. அதில் போர் இல்லை, குற்ற உணர்ச்சியும் மன்னிப்பும்தான் கதை. பதினேழு பதினெட்டு வயதுக்கு ஏற்றது. பீனைத் தொடர்ந்து போனால் 'ஷேடோ ஆஃப் தி ஹெஜிமன்'. பள்ளியிலிருந்து பூமிக்குத் திரும்பிய பிள்ளைகளை நாடுகள் தங்கள் தங்கள் போருக்கு இழுக்கும் கதை, அதில் இந்தியாவும் பர்மாவும் தாய்லாந்தும் களத்தில் இறங்குகின்றன. ராணுவ வீட்டுப் பையன் இரண்டாவது பாதையைத்தான் பிடிப்பான் என்று நினைக்கிறேன்.